ஆள் குறைவு

டாக்டர் முன்கையில் ஊசியை இறக்கியதும்
ஸ்பீக்கர் கரகரத்தது.
"மடக்குங்க. மெதுவா. இன்னும் கொஞ்சம்."

சயானில், மூன்றாம் மாடியில், ஏசி ஓடாத ஜூன் மாதம்.
தாசையன், அறுபத்தாறு.
கோலிவாடாவில் லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கெல்லாம்
ஃபிரிட்ஜ் ஏற்றுகிறவர்.
போன வாரம் இரண்டாம் மாடித் திருப்பத்தில்
கை சொல்பேச்சு கேட்கவில்லையாம்.
வலியெல்லாம் இல்லை என்றார்,
வலித்திருந்தால் நல்லது என்பதுபோல.

இருபத்தொரு வருஷமாக இந்த மெஷினோடு இருக்கிறேன்.
இருபது வயதுத் தசை தகரத்தில் விழும் மழை,
சடசடவென்று, எண்ணவே விடாது.
இவருடையது
மழை விட்டபின் சன்ஷேடிலிருந்து சொட்டுகிறது.
டொக்.

டொக்.
ஒவ்வொன்றும் கனம்.

திரையில் அலையின் உயரத்தைப் பார்த்து
முகம் மலர்ந்தது அவருக்கு.
"பெருசாத்தானே இருக்கு, அப்போ பலம்தானே?"

பெருசுதான் அண்ணே.
நரம்புகள் ஒவ்வொன்றாக, சொல்லாமல் கொள்ளாமல்,
வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகும்.
விட்டுப்போன இழைகள் கொஞ்ச நாள் தனியாகத் துடிக்கும்.
பக்கத்து நரம்பு ஒரு கிளையை நீட்டி
அவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.
எங்கள் சாலில் ஷிண்டே வீட்டுக் குழாய் ஒன்றுதான் ஒழுங்காக வரும்,
அதனடியில் நாலு வீட்டுக் குடமும் நிற்கும்.
அந்தக் குழாய்தான் இந்த அலை.

முன்பு முறைவைத்து வேலை பார்த்தார்கள்,
ஒருவன் இழுக்க இன்னொருவன் உட்கார்ந்திருப்பான்.
இப்போது உட்காரவைக்க ஆளில்லை.
பாரம் கூடினால் எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்கிறார்கள்.
மாடித் திருப்பத்தில் நீங்கள் பார்த்த நடுக்கம் அதுதான்.

இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.
டெக்னீஷியன் சொல்லக் கூடாது.
டாக்டர் எழுதினார்: வயதுக்கேற்ற மாற்றம்.

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார்,
"சனிக்கிழமை ஒரு வாஷிங் மெஷின். நாலாவது மாடி.
அட்வான்ஸ் வாங்கிட்டேன்..."
அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று.

மாலை தானே ஸ்லோ.
மேல்கம்பியைப் பிடித்த என் வலது கை
காட்கோபர் வரை தாங்கியது.
போன வருஷம் பாண்டுப் வரை தாங்கும்.
விக்ரோலி வருவதற்குள் கட்டைவிரலடியில் ஒரு இழை துள்ளியது,
யாரோ மிஸ்டு கால் கொடுக்கிற மாதிரி,
இரண்டு தடவை.
உள்ளே காலிசெய்வது யார், சாவி வாங்கிக்கொள்வது யார்?
இந்தப் பெட்டியின் இரைச்சலில் என்ன கேட்கும்.
கையை மாற்றிக்கொண்டேன்.

ரெஜிஸ்டரில் அவர் நம்பர் இருக்கிறது.
நாளைக்குப் போன் போடலாம்.
போட்டால் என்ன சொல்வேன்,
தனியாகத் தூக்காதீர்கள் என்றா?
அதை அவருடைய நரம்புகள்
எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டன.