முப்பத்தொரு மணி நேரம்

ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில்,
டாஃபின் சாலையோரப் பனி சாம்பல் நிறமாகும்போது,
என் தம்பியை அவன் காதுபடவே
குறைத்துப் பேச வேண்டும் நான்.

தபால் நிலையத்துக்கு மேல்மாடி.
மூன்று நாற்காலி. பதினான்கு பக்கப் படிவம்.
"மோசமான நாளைச் சொல்லு.
நல்ல நாளைச் சொன்னால் மணியை வெட்டிவிடுவார்கள்" என்று
முதல் வருடமே காதில் போட்டாள்
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி.
அவளுக்கு ஒரு மகள், என் தம்பியைப் போல.
அன்றிலிருந்து நல்ல நாட்களையெல்லாம்
காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான்
மாடி ஏறுகிறேன்.

பணம் எண்ணுவானா? மாட்டான்.
அடுப்பை அணைப்பானா? மறப்பான்.
தனியே சாலையைக் கடப்பானா?
ஒருமுறை கடந்தான். தானிய லாரி நின்றது.
நின்றதால்தான்
இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் எழுதுகிறோம்.

வாரத்துக்கு முப்பத்தொரு மணி நேரம்.
குளிப்பாட்ட வரும் கார்சன் அதற்குள்,
புதன்கிழமை நீச்சல் குளம் அதற்குள்,
வாசலில் நின்று படியை இறக்கித் தரும் வேன்,
வெள்ளிக்கிழமை தேவாலயத்தின் அடித்தளக் கூடம்,
எல்லாம் அதற்குள்.
மீதி நூற்று முப்பத்தேழு மணி நேரம் நான்.
என் தூக்கமும் அதில்தான்.

இந்த வருடம் ஓரெஸ்ட் டை கட்டிக்கொண்டு வந்தான்.
அப்பாவின் டை. முடிச்சு கார்சனுடையது.
அதிகாரி புதியவள், பெயர் நடீன்.
என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக் கேட்டாள்.
பதினாறு வருடத்தில் முதல் தடவை.

சமைக்கத் தெரியுமா, ஓரெஸ்ட்?
தெரியும்.
கடையில் காசு கொடுக்க?
தெரியும்.
ராத்திரி தனியே இருப்பீங்களா?
இருப்பேன்.

ஒவ்வொரு பதிலுக்கும் என் வயிற்றில்
ஒரு மணி நேரம் கழன்று விழுந்தது.
நீச்சல் போச்சு. வேன் போச்சு.
வாயைத் திறந்தேன்.
அவன் டையை நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.
மூடிக்கொண்டேன்.

சமையல் என்று அவன் சொன்னது பொய்யில்லை.
வெள்ளிக்கிழமைகளில் எட்டுப் பெண்களும் அவனுமாக
பெரோஹே செய்வார்கள்.
மாவை வட்டமாய் வெட்டி, உருளைக்கிழங்கு வைத்து மடித்து
ஓரத்தைக் கிள்ளி மூடுவது அவன் வேலை.
அவன் கிள்ளியது ஒன்றுகூட
கொதிநீரில் பிரிந்ததில்லை.
கல்யாண ஆர்டர் வந்தால் ஸ்டெஃபா
அவன் வருவானா என்று கேட்டுத்தான் முன்பணம் வாங்குவாள்.
பானைப் பக்கம் மட்டும் விடமாட்டாள்.

பதினான்கு பக்கத்தில்
கிள்ளுவதற்கு ஒரு கட்டம் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றான் திடீரென்று.
"எது?"
"பெரோஹே கிள்ள."
நடீன் பேனாவை வைத்தாள்.
"ஒரு தடவை பண்ணினேன். தண்ணீரில் போட்டதும்
எல்லாம் வாயைத் திறந்துடுச்சு."

அவன் முகத்தில் அப்படியொரு கவலை.
படிவத்தைத் தன் பக்கம் திருப்பினான்.
'உதவி தேவை' எந்தக் கட்டம் என்று அவனுக்குத் தெரியும்,
என் விரல் எத்தனை வருடமாய் அங்கே போய் நிற்கிறது.
சமையல் வரிசையில், அதே கட்டத்தில்,
தனக்கு எழுதத் தெரிந்த ஒரே எழுத்தை,
தன் பெயரின் முதல் வட்டத்தை,
நாக்கைக் கடித்தபடி போட்டான்.

யாருக்கு உதவி என்று
படிவம் கேட்கவில்லை.
நடீன் அழிக்கவும் இல்லை.
"மற்ற பக்கங்களை அக்காவும் நீங்களும் சேர்ந்தே சொல்லுங்க" என்றாள்.
சொன்னேன். அவனும் சொன்னான்.
சிலது இரண்டு விதமாக எழுதப்பட்டது.

காரில் கேட்டான்: "நல்லாச் சொன்னேனா?"
"நல்லாச் சொன்னே."
டையைக் கழற்ற விடவில்லை.

ஆறு வாரத்தில் கடிதம் வரும் என்றார்கள். ஏழாகிவிட்டது.
முப்பத்தொன்றோ, பத்தொன்பதோ, தெரியவில்லை.
கூடத்தில் ஒரு ஏப்ரனை மடித்து
மேசை ஓரத்தில் வைத்திருக்கிறான்.
மாவு பட்டால் உதறி மறுபடி மடிக்கிறான்.
ஸ்டெஃபா கேட்டால்,
"ஒருத்தங்க வரணும்" என்கிறான்.