டோக்கன் நாற்பது

ஐப்பசி மழை. ராயபுரத்தில் எல்லாருக்கும் டெங்கு,
இல்லையென்றால் டெங்கு பயம்.
எங்கள் லேபில் ஆறு நாற்காலி, முப்பது குடை,
தரையெல்லாம் செருப்புச் சேறு.
விடிந்ததிலிருந்து ஒரே கேள்வி:
"பிளேட்லெட் எவ்ளோ மேடம்?"
தங்கம் விலை கேட்பதுபோல் கேட்கிறார்கள்.

நாற்பதாவது டோக்கன் ஜோவிதா, ஆறு வயது.
காய்ச்சல் பன்னிரண்டு நாள் என்கிறது சீட்டு.
சீட்டில் இல்லாததை
அப்பா பிரிட்டோ நின்றபடியே சொன்னார்:
ராத்திரியில் கால் வலி என்று அழுவாள்,
வளர்ற வலி என்றார்கள், எண்ணெய் தேய்த்தோம்.
முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாய்;
பள்ளிக்கூடத்தில் யாரோ தள்ளிவிட்டார்கள் என்று
போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தோம்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
பணம் நீட்டிய விரல் பட்டது, சில்லென்று.

ஊசிக்கு அவள் அழவில்லை.
"இதுல என் பேர் எழுதுவியா?" என்றாள்.
எழுதினேன்.
ரப்பர் பட்டையை அவிழ்த்த இடத்தில்
வளையல்போல் சிவப்புப் புள்ளிகள்.
பஞ்சை எடுத்தால் மறுபடியும் ரத்தம்.
டெங்குவிலும் இப்படி வரும்,
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெஷின் காகிதத்தைத் துப்பியது.
பிளேட்லெட் பதினெட்டாயிரம்.
அதோடு நிறுத்தியிருந்தால்
முன்னால் போன முப்பத்தொன்பது பேரோடு அவளும் சேர்ந்திருப்பாள்:
இளநீர் கொடுங்க, நாளைக்கு மறுபடி வாங்க.
ஆனால் ஹீமோகுளோபின் ஐந்து.
டெங்கு ரத்தத்தைக் கெட்டியாக்கும்,
இது வெளுத்த ரத்தம்.
வெள்ளையணு குறைந்திருக்க வேண்டிய இடத்தில்
அறுபதாயிரத்துக்கு மேல்,
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
தனக்குப் புரியாததற்கு மெஷின் நட்சத்திரம் போடும்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து
இன்னொரு தகட்டால் இழுத்தேன்,
நாக்கு நீட்டியதுபோல் படிந்தது.
ஓரத்தில் பென்சிலால் அவள் பெயர்;
பேனா மை சாயத்தோடு கரைந்துபோகும்.
சாயம் ஏற எட்டு நிமிஷம்.
அதற்குள் மூன்று பேருக்கு ஊசி,
ஒருவரோடு சில்லறைத் தகராறு.

எண்ணெய் ஒரு துளி விட்டுக் கண்ணை வைத்தேன்.
ஊதா. ஊதா. ஊதா.
அணுவெல்லாம் உட்கரு,
சுற்றிலும் நூல்போல் ஓரம்.
பிஞ்சில் பழுத்தது என்று பிள்ளைகளைத் திட்டுவோம்.
இவை பழுக்கத் தெரியாத பிஞ்சுகள்,
பெருக மட்டும் தெரிந்தவை.
நூறு எண்ண வேண்டும்.
இருபது எண்ணினேன், பதினெட்டு அதுவே.
மிச்சத்தை விட்டுவிட்டு போனை எடுத்தேன்.

டாக்டர் மங்கையர்க்கரசி
சுரங்கப்பாதையில் தண்ணீர் என்று ஊரைச் சுற்றி வந்தார்,
முழங்கால்வரை நனைந்த புடவையோடு.
பார்த்தார். நகர்த்திப் பார்த்தார்.
"இன்னொன்னு போடு." போட்டேன்.
அதையும் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதில் அழுக்கில்லை.

"டெங்குதானே?" என்றார் பிரிட்டோ.
டெங்குவாகவே இருக்கட்டும் என்று
ஒரு குரல் கெஞ்சி
அன்றுதான் கேட்டேன்.
டாக்டர் அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.
வெளியே ஜோவிதா என் ஸ்டூலில் ஏறி,
"என் ரத்தத்தைக் காட்டு" என்றாள்.
முப்பத்தேழாவது டோக்கனின் தகட்டை மாற்றி வைத்துக் காட்டினேன்.
"அழகா இருக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தபிறகுதான்
உறுதியாய்ச் சொல்ல முடியும்,
நிறைய பிள்ளைங்க நல்லாயிடுறாங்க,
நாள் கடத்தாதீங்க:
டாக்டர் சொன்னதில் பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கும்.
ரிப்போர்ட்டை பாலித்தீன் கவரில் சுருட்டிச் சட்டைக்குள் செருகி,
"எழும்பூருக்கு எந்த பஸ்?" என்றார்.
"ஆட்டோ பிடிங்க. இப்பவே."

டோக்கன் நாற்பத்தொன்று, டெங்கு.
அந்தப் பையனின் அம்மா நாற்காலியில் சரிந்து அழுதாள்.
வாழ்த்துகள் என்று
வாய்வரை வந்துவிட்டது எனக்கு.