ஜி வரிசை, பதினோராம் குழி

பாயான் லெப்பாஸுக்குக் கடைசி விமானம் இறங்குகையில்
திரையில் கோடுகள் ஒருமுறை சிலிர்த்து அடங்கின.
பதிவேட்டில் எழுதினேன்: 11.52, விமானம்.
கதவைத் திறந்தாலும் எழுத வேண்டும்.
தும்மினாலும்.

தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் சீப்புப்பல் போலப் பொன்கம்பி.
அதன்மேல் செல்கள்,
ஈரத்துணி தரையோடு ஒட்டிக் கிடப்பதுபோல.
மின்சாரம் மிக மெல்லத் தட்டிப் பார்க்கிறது.
செல் உடம்பைப் பரப்பினால் வழி குறுகும்,
ஒடுங்கினால் இடுக்கு திறக்கும்.
அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

போன மாதம்வரை சாயம்.
ஒளிரும் சாயத்தை உள்ளே ஏற்றி
கால்சியம் எழுந்ததா, எழுந்ததா என்று
ஒரே கேள்வி.
பளிச்சென்றால் ஆம். இருட்டென்றால் செத்த மருந்து.
எண் 2207-ஐ அப்படித்தான் புதைத்தோம்.
'செயலற்றது' என்ற சொல்லுக்குக் கீழே
என் கையெழுத்து, ம. குழல்மொழி,
நீல மை.

இன்று அது ஜி-11இல் இருப்பதுகூட
ஹுய் ஷானின் கஞ்சத்தனம்:
"காலியாத்தானே கிடக்கு, எதையாச்சும் ஊத்து."

பழைய பாட்டுகளில் அவள் வாய் திறக்கமாட்டாள்.
தோழி பார்ப்பது கையை,
வளை நெகிழ்கிறதா என்று.
யாரும் அவள் நெஞ்சுக்குள் விளக்கேற்றிப் பார்த்ததில்லை.

இருபத்திரண்டாம் நிமிடம்
ஜி-11 இறங்கத் தொடங்கியது.

குமிழியாக இருக்கும்.
ஓரக் குழிகளில் நீர் வற்றும், இது ஓரத்துக்கு அடுத்தது.
கரைப்பானோ? பக்கத்தில் வெறும் கரைப்பான் இட்ட குழி
அசையவே இல்லை.
காவலர் ரோஸ்லான் கதவைத் திறந்தாரோ?
அவர் கீழே காற்பந்து பார்க்கிறார், கத்தல் கேட்கிறது.

அடுத்த தட்டில் ஆறு குழிகள்.
மூன்றில் ஏற்பியின் வாயை முதலில் அடைத்துவிட்டு
2207-ஐ விட்டேன். கோடு தட்டையாகவே போயிற்று.
அடைக்காத மூன்றில்
இரண்டு இறங்கின.
மூன்றாவது, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

உள்ளே எந்தப் பாதையில் எது ஓடியது?
கோடு சொல்லாது.
அசைந்தது என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.
தெரியாது என்பேன்.
எவ்வளவு என்றால் மட்டும்: பதினான்கு விழுக்காடு,
இரண்டு மணி நேரத்தில்.

ஐந்தரைக்குப் பாலத்தின் விளக்குகள் இன்னும் எரிகின்றன.
செழியன் போனில்: "பசியாறிட்டியா?"
"ம்."
"இல்லன்னு சொல்லு" என்றார்.

பழைய பதிவேட்டைத் திறந்தேன்.
'செயலற்றது' என்பதில்
கடைசி நான்கெழுத்தை ஒரே கோட்டில் அடித்தேன்.
மீந்த லகரத்தின்மேல்
ஒரு புள்ளி வைத்தால் போதும்.

மூன்றாவது குழி.
பேனா காகிதத்துக்கு மேலே
தொடாமல்
நின்றுகொண்டிருக்கிறது.