பதினான்காம் துறையில் ஒரு கப்பல்

செவ்வாய்க்கிழமையே போய்விட்ட கப்பல்
வியாழன் இரவும் நிற்கிறது,
ஷுவைக் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் திரையில்.
ஜன்னல் வழியே பார்த்தால் துறை காலி.
மஞ்சள் விளக்கு, எண்ணெய் மினுங்கும் நீர்,
கயிறு சுருட்டும் ஒருவன்.
திரையில் மட்டும் அது,
இடது ஓரத்தில் ஒரு விரற்கடை
பச்சையாய்க் கிழிந்து.

"கேமரா பொய் சொல்லாது,
உன் டிரைவர்தான் சொல்கிறது" என்கிறான் ஹுசாம்.
அலெக்ஸாண்ட்ரியாக்காரன். இரவுப் பணி.
டீயில் நாலு கரண்டிச் சர்க்கரை.
என் டிரைவர் என்கிறான்.
அதில் நான் எழுதியது முந்நூறு வரி.
மிச்சத்தை எழுதியவர் கம்பெனி மாறி, நாடு மாறி,
அவருக்குப் போடும் மெயிலும் திரும்பி வருகிறது.

கெர்னல் லாகைத் திறந்தேன்.
முகவரிகள் ஓடின,
எஃப் எஃப் எஃப் எஃப் என்று தொடங்கி,
ஏசிக் குளிரில் யாரோ பல் தந்தியடிப்பதுபோல.

முதலில் கேஷைச் சந்தேகப்பட்டேன். நாலு மணி நேரம்.
அப்புறம், பேஜ் எண்ணைப் பன்னிரண்டு பிட் நகர்த்தும் இடத்தை.
அது சரியாக இருந்தது.
சரியாக இருப்பதும் சில நேரம் எரிச்சல்தான்.
பத்து வரிக்கு ஒரு பிரிண்ட் வைத்தேன்:
இங்கே வந்தேன்
இங்கேயும் வந்தேன்
வைத்ததும் கப்பல் ஒளிந்துகொண்டது.
எடுத்ததும் வந்து நின்றது,
நீ போய்விட்டாயா என்று பார்க்க வந்ததுபோல.

இரண்டு பத்துக்குப் போன்.
அதே பெண். அதே ஒரு சொல்:
"கிர்மா?"

இந்த எண் என்னிடம் வந்து ஐந்து மாதம்.
அதற்கு முன் யாரோ கிர்மாவுடையது.
ரீசார்ஜ் பண்ணாமல் விட்டானோ, ஊருக்கே போனானோ.
கம்பெனி எண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டது.
ஃபர்வானியாவில் ஒரு கடைக்காரர்
கண்ணாடி மேசைக்கு அடியிலிருந்து எடுத்து
என்னிடம் விற்றார்.
எடுத்ததில் தப்பில்லை, விற்றதில் தப்பில்லை.
அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.
அந்த எட்டு இலக்கம்
அவளுக்கு இன்னும் கிர்மா.

எனக்குத் தெரிந்த அரபியில் இல்லை என்றேன்.
ராங் நம்பர் என்றேன்.
கொஞ்சம் மூச்சு. பின்னால் ஏதோ பாத்திரம்.
வைத்துவிட்டாள்.

போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
பிறகு பஃபரை விடுவிக்கும் ஃபங்ஷனுக்குப் போனேன்.
ஏழே வரி. வாய்விட்டுப் படித்தேன்.
பட்டியலிலிருந்து பெயரை அடிக்கிறது.
பேஜைத் திருப்பிக் கொடுக்கிறது.
பூட்டைத் திறந்துவிட்டு வெளியேறுகிறது.
அந்தப் பேஜை இன்னும் தன் வரைபடத்தில் வைத்திருக்கும்
திரையிடம்
ஒரு வார்த்தை இல்லை.

திரை என்ன செய்யும்.
பழைய முகவரியில் போய்த் தட்டுகிறது,
உள்ளே கிடப்பதைக் கப்பல் என்கிறது.
அந்தப் பச்சைக் கிழிசல்
புதிதாய்க் குடிவந்தவன் சுவரில் அடித்த முதல் ஆணி.

ஒரு வரி சேர்த்தேன், திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால்:
யார் யார் வைத்திருக்கிறார்களோ
அவர்கள் வரைபடத்திலிருந்து இதை எடு.
மாட்யூலைக் கழற்றினேன், மாட்டினேன்.
திரை ஒருமுறை கறுத்து
வந்தபோது பதினான்கில் தண்ணீர்தான்.

ஹுசாம் டீயோடு எழுந்து வந்தான்.
திரையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.
"மூணு ராத்திரியா அதுக்கு ஒரு பேர் வெச்சிருந்தேன்" என்றான்.
என்ன பேர் என்று கேட்டேன்.
கிரேன் எண்ணைப் பதிவேட்டில் எழுதப் போய்விட்டான்.

மாற்றக் குறிப்பு எழுத வேண்டும்.
எது உடைந்தது, ஏன், எப்படிச் சரியானது.
மூன்று வாக்கியம் போதும்.
இரண்டு எழுதிவிட்டேன்.

போன் அதிர்கிறது.
கவிழ்ந்தபடியே மேசையில் நகர்கிறது
விளிம்பை நோக்கி
ஒரு விரற்கடை,
இன்னொரு விரற்கடை.