மூன்றாம் பக்கம்

டெரன்ஸ் போய்விட்டான்.
மூன்று மாத வாடகை, ஒரு சாவி,
குளிர்சாதனம் கழுவிய கூலியில் அவன் பங்கு,
எல்லாம் அவனோடு போயின.
அறையில் மிச்சம் ஒரு கிட்டார் உறை.
தூக்கும்போதே காலி என்று தெரிந்தது.
இருந்தும் திறந்து பார்த்தேன்.

இரவு வேலை முடித்து வந்த மகுடபதி
காலணியைக் கழற்றாமலே சொன்னார்:
"இனி முகத்தைப் பார்த்து அறையை விடாதே,
தாளைப் பார்த்து விடு."

அப்படித்தான் விளம்பரத்தில் ஒரு வரி கூடியது.
ஈசூன், வீவக வீடு, ஒன்பதாம் மாடி,
ஓர் அறை, எண்ணூற்றைம்பது வெள்ளி.
கடன் அறிக்கை கொண்டு வரவும்.

கல்யாணமான புதிதில் நாங்கள் அறை தேடியபோது
தொலைபேசியில் என் பெயரைச் சொன்னதும்
"அடடா, இப்போதுதான் ஆள் வந்துவிட்டது" என்பார்கள்.
பெயரைச் சொல்வதற்கு முன்
ஒரு வீட்டுக்கும் ஆள் வந்ததில்லை.
அதனால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.
என்ன இனம், என்ன சமையல் என்று
நான் யாரையும் கேட்கவில்லை.
தரத்தைத்தான் கேட்டேன்.
அதற்குத் தோல் கிடையாது.

முதலில் வந்த பையனுக்கு ஆக உயர்ந்த தரம்.
இரண்டு ஆங்கில எழுத்து, இரண்டும் ஒன்றே.
அவன் அறையைப் பார்க்கவில்லை,
அடுப்பைப் பார்த்தான்.
"கறி அடிக்கடி வைப்பீர்களா?"
வைப்போம் என்றேன்.
மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல்
ஒன்பது மாடியும் படியில் இறங்கினான்.

ஹுய் கிம் ஞாயிறு மாலை வந்தாள்.
ஐம்பத்து நான்கு வயது,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன.
நூலகத்தில் அச்செடுத்த அறிக்கை,
நான்காய் மடித்தது.
மேசையில் விரித்து
அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.
"மூன்றாம் பக்கம் நன்றாக இருக்காது.
நீ பார்த்துக்கொள். நான் சன்னலைப் பார்க்கிறேன்."

மூன்றாம் பக்கத்தில்
ஒரு வங்கி, ஒரு தொகை, ஒரு தேதி,
செலுத்தத் தவறியது என்று ஒரு குறிப்பு.
ஏன் தவறியது என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.
கேட்டிருக்கலாம்.
கேட்டால் சொல்வாள், சொன்னால் இளகுவேன்,
இளகித்தான் டெரன்ஸுக்குச் சாவி கொடுத்தேன்.
கேட்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.
தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துக்கொண்டு போனாள்.

அன்றிரவு, ஏனோ,
சில வெள்ளி கட்டி என் பெயரையும் போட்டுப் பார்த்தேன்.
தரம் சொல்லப் போதிய தகவல் இல்லை என்றது திரை.
வீட்டுக்கடன் அவர் பெயரில். அட்டை அவர் பெயரில்.
என் பெயரில் இருப்பது ஒரே ஒரு கடன்:
கீழ்மாடி நூர்லைலாவிடம்
மகளின் மூக்குக்கண்ணாடிக்கு வாங்கிய நானூறு வெள்ளி.
அவள் தெம்பனிசுக்கு வீடு மாறிப் போனாள்.
அவளும் கேட்கவில்லை,
நானும் பதினாறு வருடமாய்
நாளைக்கு அழைக்கலாம் என்றிருக்கிறேன்.
அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஹுய் கிம்முக்கு அறையைக் கொடுத்தேன்.
பெரிய மனசு என்று எண்ண வேண்டாம்.
டெரன்ஸிடம் ஒரு மாத முன்பணம்,
இவளிடம் இரண்டு.
ஒன்றும் பேசாமல் எண்ணி வைத்தாள்.

முதல் தேதி, காலை ஏழு,
கைப்பேசி அதிரும், வாடகை வந்திருக்கும்.
மார்ச்சில் மட்டும் ஏழு, ஏழு பத்து, ஏழரை.
அந்த அரைமணி நேரம்
கொதித்த தேநீரை இறக்காமல்
நான் நின்ற நிலையை யாரும் அறிக்கையாக்க வேண்டாம்.
சாவி திரும்பியது.
"கைப்பேசி செத்துவிட்டது" என்றாள்
நான் வாய் திறக்கும் முன்பே.
என் முகம் மூன்றாம் பக்கம்போல் இருந்திருக்கும்.

கிட்டார் உறையை அவள் எறியவில்லை.
கதவோரம் சாய்த்து வைத்து
அதில் குடை போடுகிறாள்.