மேலே ஒரு புள்ளி

ஸ்டான்லியில் கேட்டார்கள்:
குடும்பத்தில் யாராவது லேட்டாகப் பேசினார்களா?
டில்லிபாபு தரையைப் பார்த்தான்.
நாலு வயசு வரை ஏரியாவே தன்னை
ஊமை என்று கூப்பிட்டதை
கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து
ஒரு படிவத்திடம்தான் சொன்னான்.

ஒரே கரு பிளந்த ரெண்டு பேர்.
மோகித் கொருக்குப்பேட்டை கேட்டில்
வேகன்களை எண்ணுகிறான், தப்புத் தப்பாக.
லோகித் விரலை நீட்டுகிறான்,
அவ்வளவுதான்.

ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்துதாம்மா, என்றாள் டாக்டர்.
சில எழுத்தின் மேல் ஏதோ வந்து உட்காரும்.
எழுத்து அழியாது. சத்தம் மட்டும் அடங்கும்.

க-வின் தலையில் புள்ளி.
இதைப் புரிந்துகொள்ள
எனக்கு எட்டாவது போதும்.

எப்போது வைத்தது?
எண்ணெய் மிதந்த தண்ணீர் வீட்டில் ஏற
வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில்மேல் நின்றேனே,
அந்த ராத்திரியா?
அப்போது ரெண்டு பேருமே உள்ளேதான் இருந்தார்கள்.
தெரியாது என்றாள்.
அதற்காகவே அவளைப் பிடித்தது.

நேற்று கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில் குறுக்கே நின்றுவிட்டது.
ஆட்டோக்காரன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.
லோகித் என் தாடையைத் தன் பக்கம் திருப்பி
"இன்னா" என்றான்.

ரத்தத்தில் தேடினால் கிடைக்காது,
தெரு போட்ட சொல்.
அதற்கும் நடுவில் ஒரு புள்ளி.

ரயிலுடா, என்றேன்.