உரிமையாளர் ஓட்டம்

புளியரை செக்போஸ்ட் ஏலத்தில்
எழுநூறு ரூபாய்.
முன்சக்கரம் சின்னது,
அதன் மேல் கூடை வைக்க ஒரு சட்டம்.
பெயர்த்தகடு இருந்த இடத்தில்
நான்கு ஓட்டைகள்.

மைதீன் பிச்சை கடையில்
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் நுழையவில்லை,
பதினான்கு வழுக்கியது.
"மில்லிமீட்டர் வருமுன்னே வந்த வண்டிவே"
என்றவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன்.
பச்சைக்கு அடியில் சிவப்பு.
சிவப்புக்கு அடியில் மலையாளத்தில் ஒரு 'ப',
மிச்சம் துரு.
பாலா, பலசரக்கா?
புனலூர் தங்கச்சன் போட்டோவைப் பார்த்ததும்
"பப்படம்! எங்க அப்பச்சன் கம்பெனியாக்கும்" என்கிறான்.
அவன் அப்பச்சனுக்கு
எல்லா வண்டியும் சொந்தம்.

ஏலச் சீட்டில் ஒரே வரி:
'ரேஷன் அரிசி, இரு மூட்டை. உரிமையாளர் ஓட்டம்.'
எந்தப் பக்கம் ஓடினான் என்று இல்லை.

சீட்டுக்குழாயைக் கவிழ்த்தேன்,
நம்பர் கிடைக்குமென்று.
செம்மண்தான் கொட்டியது.

கோட்டைவாசல் இறக்கத்தில்
கையை விட்டால்
வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.
ஃபோர்க் வளைந்திருக்கிறது,
ஒரே அடியில் வளைந்த வளைவு.
எங்கே செய்தார்களோ,
எங்கே விழுந்தது என்பது
இரும்பில் இருக்கிறது.

நிமிர்த்தித் தரவா என்கிறார் மைதீன் பிச்சை.
இன்னும் பதில் சொல்லவில்லை.